தரிசு நிலத்தை ஏழைக்கு எழுத வைத்த செங்கல்பட்டு கலெக்டர்: பஞ்சமி நிலம் பிறந்த கதை

உத்திரமேரூர்:

உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் குடவோலை ஞாபகம்தான் வரும். கி.பி. 919, 921-ம் ஆண்டு பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு வைகுண்ட பெருமாள் கோவில் சுவரில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விஷயமும் இருக்கு. குடத்தில் பெயர் போட வேண்டும் என்றால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். நிலமும் மனையும் இல்லாதவன் பெயர் குடத்துக்குள்ளே போகவே இல்லை.

கிட்டத்தட்ட 970 வருஷம் கழித்து, அந்த நிலமும் மனையும் இல்லாத ஜனங்களைப் பற்றி அறிக்கை எழுதியவர்தான் ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி திரமென்ஹீர். செங்கல்பட்டு மாவட்டத்தில் பொறுப்பு கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர். அப்போது உத்திரமேரூர் மதுராந்தகம் தாலுகாவில் இருந்தது. அதனால் நம்ம ஊரும் அவர் கணக்கில் சேர்ந்ததுதான்.

அன்றைக்கு செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை இருந்தது. நஞ்சை, புஞ்சை மட்டும் அல்ல, ஊரில் சும்மா கிடக்கும் தரிசுக்கும் மிராசுதாருக்கே முதல் உரிமை. ஒரு கூலிக்காரர் முள்ளும் கல்லுமாகக் கிடக்கிற நிலத்தைக் கேட்டு தர்க்காஸ்து மனு போட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். உடனே மிராசுதார் வந்து, அது எனக்கு வேண்டும் என்பார். அவருக்குத்தான் போகும். அவர் உழுவாரா என்றால் பல இடத்தில் உழ மாட்டார். நிலம் கைமாறினால் கூலிக்கு ஆள் கிடைக்காதே, அதுதான் பயம்.

இதை விட மோசம் குடியிருப்பு. சேரியில் குடிசை நிற்கிற மண்ணும் மிராசுதாருக்கே சொந்தம் என்றார்கள். எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி பண்ணு என்று சொல்லிவிடலாம். கல்யாணச் செலவுக்கு வாங்கிய சின்னக் கடனுக்காக ஆயுசு முழுக்க படியாளாக உழைத்தவர்கள் ஏராளம். இதில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வேறு. பிழைக்க வழி இல்லாமல் பர்மா, மொரீஷியஸ், நேட்டால் என்று கப்பல் ஏறினார்கள்.

திரமென்ஹீர் இதை எல்லாம் கணக்காக எடுத்தார். என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, வீடு எப்படி இருக்கு என்று விவரம் சேர்த்தார். செங்கல்பட்டு பறையர்கள் பற்றிய குறிப்பு என்ற தலைப்பில் 1891-ம் ஆண்டு அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்க வேண்டும், தரிசு நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்பவை அவர் கேட்டவற்றில் முக்கியமானவை.

இவர் ஒருத்தர் மட்டுமே செய்ததாகச் சொன்னால் அது தப்பு. செங்கல்பட்டில் வேலை செய்த ஸ்காட்லாந்து பாதிரியார் ஆடம் ஆன்ட்ரூவும் இதே கோரிக்கையை விடாமல் பேசி வந்தார். அதே 1891-ல் ஊட்டியில் மாநாடு போட்ட அயோத்திதாசப் பண்டிதர், தரிசு நிலத்தைத் தங்கள் மக்களுக்குத் தர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

அறிக்கை சென்னையில் சுலபமாகப் போய்விடவில்லை. வருவாய் வாரியத்து பெரிய அதிகாரிகள் பலதை ஒத்துக்கொள்ளவில்லை. மிராசு உரிமையில் கை வைக்க அரசுக்கும் மனசு வரவில்லை. ஆனாலும் விஷயம் லண்டன் பார்லிமென்ட் வரை போய்விட்டது. கடைசியில் 30-9-1892 அன்று 1010, 1010-ஏ எண் உள்ள வருவாய்த்துறை அரசாணை வந்தது. தரிசு நிலத்தை தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்க வழி பிறந்தது. டி.சி. நிலம் என்றும் பஞ்சமி நிலம் என்றும் இன்றைக்குச் சொல்வது இதைத்தான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

கொடுத்தது நல்ல நிலமா என்றால் இல்லை. ஏரிப் பாசனம் உள்ள மண் எல்லாம் ஏற்கெனவே ஆள் கையில். இவங்களுக்கு வந்தது பெரும்பாலும் மேட்டாங்கால், களர், கரடு. முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, ஏரி வண்டலைத் தலையில் சுமந்து கொட்டித்தான் கேழ்வரகும் மணிலாவும் பார்க்க முடியும். நிலம் விளைந்தால் அரசுக்கும் கிஸ்தி வரும் என்ற கணக்கும் அந்த உத்தரவுக்குள் இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

நிலத்துக்கு நிபந்தனை உண்டு. முதல் 10 வருஷம் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டும்தான் விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது, அரசு திரும்ப எடுத்துக் கொள்ளலாம்.

எழுத்தில் இப்படி. நடந்தது வேறு. ஒரு மூட்டை நெல்லுக்கும், கல்யாணக் கடனுக்கும், கைநாட்டு வைத்த வெள்ளைத் தாளுக்கும் நிலம் போனது. பின்னால் ரியல் எஸ்டேட் வந்த பிறகு கரடாகக் கிடந்த இடத்துக்கே ரேட் ஏறியது. குறைதீர் கூட்டம் நடக்கிற திங்கட்கிழமை மனுக் கட்டைப் பாருங்கள், பஞ்சமி நிலம் என்று எழுதிய மனு ஒன்றாவது இருக்கும்.

மாமல்லபுரம் அருகே கரணை கிராமத்தில் இதே மாதிரி பறிபோன நிலத்தைக் கேட்டு ஜனங்கள் போராடினார்கள். 1994-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய 2 பேர் இறந்தார்கள். திரமென்ஹீர் கலெக்டராக இருந்த அதே செங்கல்பட்டு.

உங்க தாத்தா நிலம் பஞ்சமி நிலமா என்று பார்க்க இப்போதைய பட்டாவை மட்டும் நம்ப வேண்டாம். 1980-கள் வாக்கில் யு.டி.ஆர். சர்வே நடந்தபோது பெயர் மாறிய இடங்கள் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் சர்வே நம்பர் போட்டு நகல் கேளுங்கள். டி.சி. நிலம் என்று அதில் குறிப்பு இருந்தால் மனுவோடு சேர்த்து வையுங்கள்.