மிருதங்கமும் கடல் நீலமும்

பிரிக்பீல்ட்ஸில் இசை வகுப்பு நடக்கும் கட்டடத்தை மாலையில் கடந்து சென்றால் மிருதங்க ஒலி காதில் விழும். அதன் வலப்பக்கத் தோலின் நடுவில் வட்டமான கரும்பூச்சு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சு என்ன செய்கிறது என்பதை இயற்பியல் வழியில் ஆராய்ந்தவர் சர் சி.வி. இராமன்.

அவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலகம் செல்லும் முன்பும் திரும்பிய பின்பும் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தார். 1917இல், சம்பளம் குறையும் என்று தெரிந்தே அப்பதவியை விட்டுவிட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

முதலில் அவரை ஈர்த்தவை ஒலி அலைகள். ஒரு பொருள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அதுவே அதிர்வெண். வீணைத் தந்தியை மீட்டினால், அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே எழும். ஒலி இனிப்பது அதனால்தான். இழுத்துக் கட்டிய வெறும் தோலில் இந்த ஒழுங்கு அமைவதில்லை. மிருதங்கத்தின் கரும்பூச்சு தோலின் நடுவே எடையைக் கூட்டி, அந்த ஒழுங்கைக் கொண்டுவருகிறது. இதை இராமன் 1920இல் வெளியிட்டார். மிருதங்கம் செய்பவர்களோ தலைமுறை தலைமுறையாகக் காதாலேயே இதை அறிந்திருந்தார்கள்!

1921இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டிற்குச் சென்று கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்று அறிஞர் ரேலி சொல்லியிருந்தார். இராமன் தம் கையிலிருந்த சிறு பட்டகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அப்படியானால் நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்தார். நீர் செந்நிற ஒளியை உட்கொள்வதும் ஒரு காரணம் என்பதை நாம் இன்று அறிவோம். (கிள்ளான் துறைமுகத்தில் நின்று இதைச் சோதித்துப் பார்க்க முடியாது. ஆறு கொண்டுவரும் வண்டலால் அங்கு நீர் கலங்கியே இருக்கும்.)

கல்கத்தா திரும்பியதும் திரவங்களில் ஒளியைச் செலுத்தி ஆராயத் தொடங்கினார். ஏழு ஆண்டுகள் கடந்தன. ஓர் அலையின் முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடைப்பட்ட தூரம் அலைநீளம் எனப்படும். சிதறிய ஒளியில் பெரும்பகுதி தன் அலைநீளத்தை மாற்றிக் கொள்வதில்லை. மிகச் சிறு பகுதி மட்டும் மாறுகிறது என்பதை 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் உறுதிசெய்தார். மூலக்கூறுகளும் மிருதங்கத் தோலைப் போல அதிர்கின்றன. அவை ஒளியோடு ஆற்றலைக் கொடுத்து வாங்குவதால் இம்மாற்றம் நிகழ்கிறது. இந்த ஆய்வில் உடன் உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன் என்ற தமிழர். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.

1930இல் இராமனுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் பெங்களூருக்குச் சென்ற அவர், 1970 நவம்பர் 21 அன்று அங்கேயே காலமானார். ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய முறையில் அதிர்வதால், கண்ணாடிக் குப்பியைத் திறக்காமலே உள்ளிருக்கும் மருந்து எதுவென இன்று இராமன் விளைவின் துணையால் கண்டறிகிறார்கள்.