பெயர்களை வாசித்த மேய்ப்பர்

புனித ஒஸ்கார் றொமேரோ (1917 - 1980)



நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கின்றது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது அன்பின் முதல் அடையாளம். அதனாற்றான் மக்களை அச்சத்தால் ஆள நினைக்கும் அதிகாரம், தான் அழிக்கும் மனிதரின் பெயரையும் சேர்த்தே அழிக்க முயல்கின்றது. உடலை வீதியோரத்தில் எறிந்துவிட்டு, அவர் யார், எதற்காக இறந்தார் என்று எவரும் கேட்காதபடி செய்துவிட்டால், எஞ்சியோர் தாமாகவே அடங்கிவிடுவர். இருபதாம் நூற்றாண்டில் எல் சல்வடோர் நாட்டில் பேராயர் ஒருவர், அவ்வாறு பறிக்கப்பட்ட பெயர்களை ஞாயிறுதோறும் பீடத்திலிருந்து வாசித்தார். அதற்காகவே தம் உயிரையும் கொடுத்தார். அவரே புனித ஒஸ்கார் அர்னுல்போ றொமேரோ.

அச்சத்தால் ஆளப்பட்ட நாடு

மத்திய அமெரிக்காவின் மிகச் சிறிய நாடாகிய எல் சல்வடோரின் பெயருக்கு மீட்பர் என்பது பொருள். 1880களில், கிராம மக்கள் பொதுவாகப் பயிர்செய்து வந்த நிலங்கள் சட்டத்தின் மூலம் பறிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. நாட்டின் செல்வம் சில குடும்பங்களின் கையில் சேர, பெரும்பாலான விவசாயிகள் அறுவடைக் காலக் கூலிகளாயினர்.

1932ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்குப் பகுதி விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். ஜெனரல் மார்ட்டினெஸின் இராணுவ ஆட்சி அதனைச் சில நாட்களில் அடக்கிற்று. ஆனால் கொலைகள் அத்துடன் நிற்கவில்லை. பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வரையானோர் கொல்லப்பட்டனர் என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். உயிர்தப்பிய பூர்வீகக் குடிமக்களில் பலர், தம் உடையாலும் நாவற் மொழியாலும் அடையாளங் காணப்படலாம் என அஞ்சி அவ்விரண்டையும் கைவிட்டனர். தாய் தன் பிள்ளைக்குத் தன் மொழியைக் கற்பிக்க அஞ்சினாள். அந்தப் படுகொலையின் உண்மையான இலக்கு, இறந்தவர்களைவிட உயிரோடு எஞ்சியவர்களே என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

1960களில் இந்த அச்சத்திற்கு ஓர் அமைப்பும் உருவாக்கப்பட்டது. ஸ்பானிய மொழியில் ஒழுங்கு எனப் பொருள்படும் ஓர்டென் என்ற பெயரில், கிராமந்தோறும் ஏழை விவசாயிகளிலிருந்தே ஆட்கள் சேர்க்கப்பட்டனர். சிறு சலுகைகளுக்காக அவர்கள் தம் அயலவரைக் காட்டிக்கொடுத்தனர். கூலி உயர்வு கேட்டவர், சங்கம் அமைத்தவர், விவிலியக் குழுவில் நிலத்தைப் பற்றிப் பேசியவர் ஆகியோரின் பெயர்கள் தேசிய காவற்படையைச் சென்றடைந்தன. அயலவரை நம்ப இயலாத கிராமத்தில் மக்கள் ஒன்றுசேர்வது எங்ஙனம்?

அமைதியை விரும்பிய குரு

1917ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புத் திருநாளில், சியுடாட் பாரியோஸ் என்ற மலைநகரில் ஒஸ்கார் பிறந்தார். தந்தை தந்திப் பணியாளர். சிறுவயதில் தச்சுத்தொழில் பழகிய ஒஸ்கார், பதின்மூன்றாம் வயதில் சான் மிகேல் சிறிய குருமடத்தில் சேர்ந்தார். பின்னர் உரோமையில் பயின்று, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நாடு திரும்பி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சான் மிகேல் மறைமாவட்டத்தில் அயராது உழைத்தார். 1970இல் சான் சல்வடோரின் துணை ஆயரானார்.

அக்காலத்தில் அவர் செபத்திலும் ஒழுங்கிலும் ஊன்றியவர், சர்ச்சைகளை விரும்பாதவர். சமூக நீதியைப் பற்றி உரத்துப் பேசிய குருக்களை அவர் ஐயத்துடனேயே நோக்கினார். ஆட்சியாளர்கள் நல்லவர்கள், அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால் தவறுகள் திருத்தப்படும் என்பது அவரது நம்பிக்கையாயிருந்தது.

1974இல் அவர் சந்தியாகோ டி மரியா மறைமாவட்டத்தின் ஆயரானார். கோப்பிப் பழம் பறிக்க வந்த கூலிகள் மலைக்குளிரில் வெட்டவெளியில் உறங்குவதைக் கண்டு, அவர்களுக்காகத் திருச்சபையின் கட்டடங்களைத் திறந்துவிட்டார். 1975 ஜூனில் அம்மறைமாவட்டத்தின் திரெஸ் காலெஸ் என்ற சிற்றூரில் தேசிய காவற்படையினர் விவசாயிகள் சிலரை அவர்களது வீடுகளிலேயே கொன்றனர். ஆயர் அங்கு சென்று, அழுத குடும்பங்களைத் தேற்றினார். பின் ஜனாதிபதிக்கு ஒரு தனிப்பட்ட கடிதம் எழுதினார். அது பகிரங்கக் கண்டனமாக அமையவில்லை. கடிதத்தால் நீதி எதுவும் கிடைக்கவுமில்லை. இந்த அனுபவம் அவருள்ளத்தில் விதையாய் விழுந்தது.

நண்பரின் உடலருகே

1977 பெப்ரவரியில் றொமேரோ சான் சல்வடோரின் பேராயரானார். நில உடைமையாளர்கள் மகிழ்ந்தனர். ஏழைகளோடு பணியாற்றிய குருக்கள் கவலையுற்றனர். அதே மாதம் மோசடியான தேர்தலொன்று நடைபெற்றது. அதனை எதிர்த்துத் தலைநகரின் சதுக்கத்தில் கூடிய மக்கள் சுடப்பட்டனர்.

மார்ச் 12ஆம் நாள் மாலை, இயேசு சபைக் குருவான றுட்டிலியோ கிராண்டே, புனித சூசையப்பர் நவநாள் திருப்பலிக்காக அகிலாரெஸிலிருந்து எல் பைஸ்னால் என்ற ஊருக்கு வாகனத்தில் சென்றுகொண்டிருந்தார். வழியில் அவரும், உடன் சென்ற முதியவர் மனுவேல் சொலோர்சானோவும், நெல்சன் றுட்டிலியோ லெமுஸ் என்ற இளைஞனும் சுட்டுக்கொல்லப்பட்டனர். கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கு, கடவுளின் பிள்ளைகள் என்ற மாண்பு அவர்களுக்கும் உண்டு எனக் கற்பித்ததே கிராண்டே செய்த குற்றம். அவர் பேராயரின் நெருங்கிய நண்பர்.

அன்றிரவே பேராயர் அகிலாரெஸுக்கு விரைந்தார். மூன்று உடல்களின் முன் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். கூடியிருந்த விவசாயிகளின் துயரக் கதைகளைச் செவிமடுத்தார். திரெஸ் காலெஸில் இரகசியமாய்க் கடிதம் எழுதியவர், இப்போது வேறு வழியைத் தேர்ந்தார். இக்கொலை விசாரிக்கப்படும் வரை அரச வைபவம் எதிலும் தாம் பங்குபற்றப் போவதில்லை என அறிவித்தார். மார்ச் 20ஆம் நாள் ஞாயிறன்று, மறைமாவட்டம் முழுவதற்கும் பேராலயத்தின் முன் ஒரே திருப்பலி மட்டும் நிகழும் என்றார். திருத்தந்தையின் தூதுவர் அதற்கு உடன்படவில்லை. எனினும் ஏறக்குறைய 100,000 மக்கள் அத்திருப்பலியில் கூடினர். ஒன்றுகூடவே அஞ்சிய மக்கள், நற்கருணைப் பந்தியைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் மீண்டும் கண்டனர்.

மே மாதம் இராணுவம் அகிலாரெஸைக் கைப்பற்றியது. ஆலயம் படைமுகாமாயிற்று, நற்கருணைப் பேழை சுடப்பட்டு, திரு அப்பங்கள் தரையில் சிதறின. ஒரு மாதத்தின் பின், ஜூன் 19ஆம் நாள், பேராயர் அங்கு சென்று திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அதன்பின் நற்கருணைப் பவனி சதுக்கத்தை அடைந்தபோது படையினர் துப்பாக்கிகளை நீட்டியபடி வழிமறித்தனர். பவனி நின்றது. மக்கள் திரும்பிப் பார்த்தனர். பின்னால் கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வந்த பேராயர், முன்னே செல்லுங்கள் எனப் பணித்தார். மக்கள் நடந்தனர். துப்பாக்கிகள் தாழ்ந்தன, படையினர் வழிவிட்டனர்.

ஞாயிறு காலை வானொலி

அந்நாட்களில் பெரும்பாலான பத்திரிகைகள் கொலைகளை மறைத்தன. அல்லது இறந்தவர்களையே குற்றவாளிகளாக்கின. 1977 நவம்பரில் இயற்றப்பட்ட பொது ஒழுங்குச் சட்டம், அரசை விமர்சிப்பதையே குற்றமாக்கியது. காணாமல்போன மகனைத் தேடிச் சென்ற தாய் முகாம்களின் வாசல்களில் விரட்டப்பட்டாள். அத்தாய்மார் பேராயரின் அலுவலகத்திற்கு வரத்தொடங்கினர். அவர் அவர்களுக்கு நேரம் கொடுத்தார். ஒன்றிணைந்து குரலெழுப்ப ஊக்கமளித்தார். மறைமாவட்டச் சட்ட உதவி அலுவலகத்தினர் ஒவ்வொரு முறைப்பாட்டையும் விசாரித்து, பெயர், ஊர், நாள், நிகழ்ந்த விதம் என்பவற்றைப் பதிவு செய்தனர்.

ஞாயிறு காலை பேராலயத் திருப்பலியை மறைமாவட்ட வானொலி ஒலிபரப்பியது. பேராயரின் மறையுரை ஒரு மணி நேரத்தையும் கடந்து நீளும். முதலில் அன்றைய இறைவாக்கு விரிவாக விளக்கப்படும். பின்னர் அந்த வாரத்தின் நிகழ்வுகள் வரும். யார் கைதுசெய்யப்பட்டார், யார் கொல்லப்பட்டார், எவரது வீடு எரிக்கப்பட்டது என்பவற்றை அவர் சரிபார்த்தே வாசித்தார். சந்தைகளிலும் குடிசைகளிலும் வானொலிப் பெட்டிகளைச் சுற்றி மக்கள் கூடினர். பெயரின்றிப் புதைக்கப்பட்ட மகனின் பெயரை, திருப்பலியில் தம் ஆயரின் வாயினின்று கேட்ட தாயின் உள்ளத்தை எண்ணிப்பாருங்கள். காத்திருக்கும் தாய்மாரின் கண்ணீரை அறிந்த நம் குடும்பங்களுக்கு அதனை விளக்கத் தேவையில்லை.

அவர் ஒருபக்கக் கண்ணால் பார்த்தவரல்லர். 1977இல் வெளிநாட்டமைச்சர் ஆயுதக்குழு ஒன்றினால் கடத்திக் கொல்லப்பட்டபோது, அவருக்காகவும் மன்றாடினார். ஆயுதக்குழுக்களின் கொலைகளையும் கடத்தல்களையும் கண்டித்தார். ஆயினும் பட்டினியையும் அநீதியையும் நிலைநாட்டும் அமைப்பே வன்முறைகளுக்கெல்லாம் வேர் என்பதை அவர் மறைக்கவில்லை.

இதற்கான விலை பெரிது. அவர் பேராயராயிருந்த மூன்றாண்டுகளில் குருக்கள் அறுவர் கொல்லப்பட்டனர். குருக்களைக் கொல்லத் தூண்டும் துண்டுப்பிரசுரங்கள் வீதிகளில் வீசப்பட்டன. வானொலி நிலையம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. உடன்பிறப்புகளாயிருக்க வேண்டிய ஆயர்களுள் பெரும்பான்மையோர் அவரை எதிர்த்து உரோமைக்கு முறையிட்டனர். இக்காலத்தில் அவர் பேராயர் இல்லத்தில் வாழவில்லை. புற்றுநோயாளரைப் பராமரிக்கும் இறைபராமரிப்பு மருத்துவமனை வளவில், அருட்சகோதரிகள் அமைத்துக் கொடுத்த சிறு வீடே அவரது உறைவிடம். தமக்கும் அச்சம் உண்டு என்பதை அவர் தம் ஆன்ம குருவிடம் மறைக்கவில்லை. அச்சமற்றவராய் இருந்ததால் அவர் பேசவில்லை. அச்சத்தைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டே பேசினார்.

இறுதி இரு நாட்கள்

1980 மார்ச் 23, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்றைய மறையுரையின் முடிவில் பேராயர் படைவீரர்களையும் காவற்படையினரையும் நோக்கிப் பேசினார். அவர்கள் கொல்வது தம் சொந்த விவசாயச் சகோதரரையே என்றும், கடவுளின் கட்டளைக்கு முரணான கட்டளைக்குக் கீழ்ப்படிய எந்த வீரனும் கடமைப்பட்டவன் அல்லன் என்றும் நினைவூட்டினார். இறைவனின் பெயரால் அடக்குமுறையை நிறுத்துமாறு ஆணையிட்டார். ஆலயம் கரவொலியால் அதிர்ந்தது. அச்சத்தால் நடக்கும் ஆட்சிக்கு, சுட மறுக்கும் வீரனைப்போல் ஆபத்தானவர் வேறெவருமில்லை.

மறுநாள் பிற்பகல் அவர் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றார். மாலையில் மருத்துவமனைச் சிற்றாலயத்தில், நண்பர் ஒருவரின் தாயின் ஆண்டு நினைவுத் திருப்பலியை நிறைவேற்றினார். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றிய நற்செய்திப் பகுதியே அன்றைய வாசகம். மறையுரையை முடித்து, காணிக்கைப் பகுதியைத் தொடங்கும் வேளையில், வாசற்புறமிருந்து சுடப்பட்ட ஒரே குண்டு அவரது மார்பைத் துளைத்தது. பீடத்தின் அருகே சாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 62.

மார்ச் 30, குருத்து ஞாயிறன்று நடைபெற்ற அடக்கத் திருப்பலியிலும் குண்டு வெடித்தது. துப்பாக்கிச் சூடும் நெரிசலும் பலரைப் பலிகொண்டன. மரித்தவரைச் சூழ்ந்து அழுவதற்கும் மக்கள் அனுமதிக்கப்படவில்லை. தொடர்ந்த உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்து, ஏறக்குறைய 75,000 உயிர்களைக் குடித்தது.

அழியாத பெயர்

1993இல் ஐக்கிய நாடுகளின் ஆதரவுடனான உண்மை ஆணைக்குழு, பேராயரைக் கொல்லக் கட்டளையிட்டவர் முன்னாள் இராணுவ மேஜர் றொபேர்ட்டோ டோபுய்சோன் என அறிவித்தது. அவர் அதற்கு முன்னரே இறந்துவிட்டார். அறிக்கை வெளியான சில நாட்களிலேயே பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தது. பல தசாப்தங்கள் கடந்தும் அக்கொலைக்காக அந்நாட்டு நீதிமன்றம் எவரையும் தண்டிக்கவில்லை.

ஆனால் உண்மை புதைந்துபோகவில்லை. 2003இல் சான் சல்வடோரின் குஸ்கட்லான் பூங்காவில், கொல்லப்பட்டவர்களும் காணாமல்போனவர்களுமாகிய 25,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட கருங்கற் சுவரொன்று திறக்கப்பட்டது. பேராயர் கொல்லப்பட்ட மார்ச் 24ஆம் நாளை, உண்மையை அறியும் உரிமைக்கான சர்வதேச நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2010இல் பிரகடனம் செய்தது. 2018 ஒக்டோபர் 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். நண்பர் றுட்டிலியோவும் உடன் மரித்த இருவரும் 2022 ஜனவரியில் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவிக்கப்பட்டனர்.

அன்பானவர்களே, எல்லாருக்கும் பேராயரின் பீடமும் வானொலியும் கிடைப்பதில்லை. ஆயினும் நம் இல்லங்களில் மாலைச் செபம் உண்டு. இழந்தவர்களின் பெயர்களை அச்செபத்தில் பிள்ளைகள் கேட்க உரத்துச் சொல்வோம். அயல்வீட்டுத் தாய் தன் துயரைச் சொல்ல வரும்போது, நமக்கேன் வீண்வம்பு எனக் கதவைச் சாத்தாது, அமர்ந்து செவிமடுப்போம். நம்மைப் புண்படுத்தியவரின் பக்கத்திலும் அழுகின்ற தாய் இருக்கிறாள் என்பதை மறவாதிருப்போம். நாம் மௌனமாகும் இடத்திலேயே அச்சம் ஆட்சி செய்கின்றது.

செபம்: எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயனே, மனிதரால் மறைக்கப்பட்ட எவரும் உமது நினைவிலிருந்து மறைவதில்லை. புனித ஒஸ்கார் றொமேரோவின் வேண்டுதலால், அஞ்சும் வேளையிலும் உண்மையைப் பேசும் துணிவையும், பகைவரையும் வெறுக்காத உள்ளத்தையும் எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.