குளங்களுக்காக வாதாடிய சேர் பற்றிக் கெடிஸ்

வவுனியாவில் ஊர்ப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், சாளம்பைக்குளம் என்று குளங்களாகவே வரும். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் பெயரில்லாத ஒரு சிறு குளம் இருந்தது. நுளம்பு பெருகுகிறதென்று அதை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். நுளம்பு குறையவில்லை, வெக்கைதான் கூடியது என்பார் உம்மம்மா. இதே வழக்கை நூறு வருடங்களுக்கு முன்பே வாதாடிய ஒருவர் இருந்தார்.

பற்றிக் கெடிஸ் 1854இல் ஸ்கொட்லாந்தின் பலட்டர் என்ற ஊரில் பிறந்தார். ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். 1879இல் ஆய்வுக்காக மெக்சிக்கோ சென்றபோது கண்பார்வை மங்கி, இருட்டறையில் நாட்களைக் கழித்தார். அதன்பின் நுணுக்குக்காட்டியில் நீண்டநேரம் பார்க்க முடியவில்லை. ஆகவே நகரங்களைப் பார்க்கத் தொடங்கினார். 1886இல் அன்னாவை மணந்து, எடின்பரோவின் நெரிசலான சேரியொன்றிலேயே குடியேறினார். வீடுகளைத் திருத்தினார், வெற்றுக்காணிகளைத் தோட்டமாக்கினார். டண்டியில் தாவரவியல் பேராசிரியராகவும் இருந்தார்.

1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். அவரது நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை ஜேர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. (கெட்டிக்காரக் குறும்பர்களை எம்டன் என்கிறோமே, அதே கப்பல்தான்.) நண்பர்கள் மீண்டும் சேர்த்தனுப்பிய பொருட்களால் 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பின்னர் தஞ்சாவூர், மதுரை போன்ற நகரங்களை ஆராய்ந்தார். சுகாதாரத்தின் பெயரால் குடியிருப்புகளை இடித்து நேர்வீதி வெட்டுவதே அப்போதைய வழக்கம். வீடிழந்தவர்கள் வேறிடத்தில் நெருங்கி வாழ்வார்கள், நோயும் கூடவே போகும் என்றார் அவர். ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து பார்த்தபின், பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, திறந்தவெளி உண்டாக்கி, மரம் நடச் சொன்னார்.

மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று 1897இல் ரொனால்ட் ரொஸ் காட்டியிருந்தார். அதை வைத்து அதிகாரிகள் நகரக் குளங்களை மூட முனைந்தனர். கெடிஸ் அந்த ஆராய்ச்சியை மறுக்கவில்லை. ஆனால் நுளம்புக்கு மீனும் தாராவும் போதும், குளத்தை மூடினால் ஊரின் வெப்பம் தணிய வழியில்லை, குழாய் நீர் தடைப்பட்டால் கைகொடுக்கவும் ஒன்றுமில்லை என்று வாதிட்டார். நீர் ஆவியாகும்போது சுற்றாடலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்று உயர்தர வகுப்பில் படிக்கிறோம். இன்று டெங்கு நுளம்பும் குளத்தைத் தேடுவதில்லை, சிரட்டையும் பழைய டயரும் பீலியில் தேங்கிய நீரும் அதற்குப் போதும். எங்கள் பின்வளவில் அவையெல்லாம் அப்படியே கிடந்தன.

இந்தூரில் கொள்ளைநோய் அச்சம் நிலவியபோது, அதிகம் துப்புரவாக்கிய தெருக்கள் வழியே தீபாவளி ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். மக்கள் போட்டிபோட்டு வீடுகளைச் சுத்தமாக்கினர். துப்புரவுத் தொழிலாளர் வெள்ளை உடையில் மரியாதையோடு நடந்தனர்.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டயர் பிரான்சுப் போர்க்களத்தில் இறந்தான். கல்கத்தாவில் கடும் காய்ச்சலில் கிடந்த அன்னாவிடம் கெடிஸ் அதைச் சொல்லவில்லை. மகன் முன்பு எழுதிய கடிதங்களையே வாசித்துக் காட்டினார். அறியாமலே அன்னாவும் இறந்தார். மக்களைக் காய்ச்சலிலிருந்து காக்க வந்தவரின் வீட்டிலேயே இது நடந்தது. ஆனாலும் வேலையை அவர் விடவில்லை.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். 1921இல் நம் கொழும்புக்கும் திட்ட அறிக்கை எழுதினார். பின் பிரான்சின் மொன்பெலியே நகரில், வறண்ட மேட்டுநிலத்தில் ஒரு கல்லூரியும் தோட்டமும் அமைத்தார். 1932இல் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி அங்கேயே காலமானார்.