கொசுவை ஆராய்ந்த மருத்துவர்

அந்தமான் தீவுகளில் பணியாற்றிச் சென்ற மருத்துவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் சர் ரொனால்டு ராஸ். அவர் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மலைநகரான அல்மோராவில் பிறந்தார். எழுத்தாளராக விரும்பிய அவரை, படை அதிகாரியான தந்தை மருத்துவம் பயில இலண்டனுக்கு அனுப்பினார். கவிதையிலும் இசையிலும் மூழ்கிய ராஸ் ஒரு தேர்வில் தோல்வியும் அடைந்தார். 1881இல் ஒருவாறு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

பெங்களூரு, பர்மா, அந்தமான் எனப் பணியிடங்கள் மாறின. 1888இல் விடுப்பில் இலண்டன் சென்றவர், முப்பத்தொரு வயதில் மீண்டும் மாணவரானார். பொதுச் சுகாதாரப் பட்டயம் பெற்றதோடு, பேராசிரியர் கிளைனிடம் நுண்ணுயிரியலும் கற்றார். பதவி பெற்றபின் விரும்பிக் கற்ற இக்கல்வியே அவரை ஆய்வாளராக்கியது எனலாம். ஆயினும் குருதியில் மலேரியா ஒட்டுண்ணி உண்டு என்பதை அவர் நெடுநாள் நம்பவில்லை. 1894இல் பாட்ரிக் மேன்சன் அதனை நுண்ணோக்கியில் காட்டிய பின்னரே ஐயம் நீங்கியது. கொசுவே அதனைச் சுமக்கக்கூடும் என்னும் மேன்சனின் கருத்தை ஏற்று, மறு ஆண்டு செகந்திராபாத் திரும்பினார்.

ஈராண்டுகள் கொசுக்களை அறுத்து ஆராய்ந்தும் பயனில்லை. அவை வேறு இனக் கொசுக்கள். 1897இல் உதகைக்குச் சென்றபோது சீகூர் மலைவழியில் அவரையே மலேரியா பற்றியது. கோடை வெப்பத்தில் வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருவேறின. அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் விசிறியும் வீச இயலவில்லை. உசேன் கான் என்னும் நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் பெற்றுத் தம் உடலைக் கொசுக்கடிக்குத் தந்தார். ஆகஸ்டு 20ஆம் நாள், அவரைக் கடித்த புள்ளிச் சிறகுக் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியை ராஸ் கண்டார்.

சில வாரங்களிலேயே, மலேரியா அரிதான கேர்வாராவிற்கு அவரை அரசு மாற்றியது! ஆய்வு தடைப்பட்டது. 1898இல் கல்கத்தாவில் உதவியாளர் முகமது பக்சின் துணையோடு பறவைகளிடம் ஆய்வைத் தொடர்ந்தார். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே மற்றொரு பறவைக்குப் பரவுவதை ஜூலையில் நிறுவினார். மனிதரிடமும் அவ்வாறே பரவுவதை இத்தாலிய அறிஞர்கள் உறுதிசெய்தனர்.

1902இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு ராசுக்குக் கிடைத்தது. பின்னர்க் கொசு ஒழிப்புப் பணிகளுக்காகப் பல நாடுகளுக்குச் சென்ற அவர், 1932 செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் காலமானார்.