தோள்பட்டை உடைந்தால் டாக்டர் போடும் கணக்கு: யார் இந்த எர்னஸ்ட் காட்மேன்?

பைக்கில் இருந்து விழுந்து கையை ஊன்றுகிறீர்கள். தோள்பட்டை கழன்று போச்சு. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பும் உடைந்திருக்கிறது. முன்பு போல எல்லோருக்கும் பெரிதாகக் கிழித்துத்தான் ஆபரேஷன் என்று இல்லை. உடைந்த துண்டு இருக்கும் இடமும் அளவும் ஒத்துவந்தால், சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு, துண்டை இழுத்துத் தைத்துப் பொருத்திவிடலாம். இதுதான் ஆர்த்ரோஸ்கோப்பி.

துளை போடுவதற்கு முன், எந்தத் துண்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கின் தொடக்கம் அமெரிக்காவின் பாஸ்டனில் 1869ல் பிறந்த எர்னஸ்ட் அமோரி காட்மேன்.

நான்கு துண்டு கணக்கு

மேற்கை எலும்பின் மேல்முனை கண்டபடி உடைவதில்லை, வளரும் வயதில் எலும்பு ஒட்டிய கோடுகளை ஒட்டியே உடைகிறது என்று காட்மேன் கவனித்தார். பந்து போன்ற தலை, தசைநார்கள் ஒட்டும் இரண்டு புடைப்புகள், கீழே தண்டு: மொத்தம் நான்கு துண்டுகள். தோள்பட்டைக்காகவே 1934ல் அவர் எழுதிய புத்தகத்தில் இது வந்தது. இதை வைத்துத்தான் 1970ல் சார்லஸ் நியர் தன் வகைப்பாட்டை உருவாக்கினார். மூட்டு விலகலோடு சேர்ந்த முறிவும் அதில் அடக்கம். இன்றும் டாக்டர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிசியோதெரபியில் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, ஊசல் மாதிரி ஆட்டச் சொல்வார்கள் இல்லையா? அதற்கும் காட்மேன் பயிற்சி என்றுதான் பெயர்.

வேலைக்கு உலை வைத்த கேள்வி

அவருடைய பெரிய சண்டை வேறு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன நோயாளி ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்? இந்தக் கேள்வியை அன்று மருத்துவமனைகள் கேட்கவே இல்லை. காட்மேன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன நோய், என்ன செய்தோம், எங்கே தவறினோம், கடைசியில் என்ன ஆனது என்று எல்லாம் அதில் இருக்கும். சீனியாரிட்டி பார்க்காமல், இந்த ரிசல்ட்டைப் பார்த்து பதவி கொடுங்கள் என்றார்.

மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை கேட்கவில்லை. 1914ல் ராஜினாமா செய்தார். அடுத்த ஆண்டு, அவரே தலைமை வகித்த மருத்துவர் கூட்டத்தில் ஒரு பெரிய கார்ட்டூனைத் திறந்து காட்டினார். பணக்கார நோயாளிகள் மண்ணில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி; அது இடும் பொன்முட்டைகள் டாக்டர்களுக்கு. கூட்டம் கொதித்துப் போச்சு. அந்தப் பதவி போனது, ஹார்வர்டில் பாடம் நடத்தும் வேலையும் போனது.

தன் தவறையே அச்சிட்டவர்

ஊரைக் குறை சொல்லிவிட்டு அவர் ஒதுங்கவில்லை. சொந்தமாக நடத்திய சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுத் திரும்பிய 337 பேரின் விவரத்தை வெளியிட்டார். அதில் 123 தவறுகள் நடந்ததாக அவரே எழுதினார். வருமானம் குறைந்தது, நண்பர்கள் விலகினார்கள். ஆனாலும் 1920ல் எலும்புப் புற்றுநோயாளிகளுக்கான பதிவேட்டைத் தொடங்கி, அங்கேயும் ரிசல்ட்டைத் துரத்தினார்.

1940ல் இறந்தபோது அவருக்குக் கல்லறைக் கல்கூட வைக்கவில்லை. அந்தக் கல் வந்தது 2014ல். இடைப்பட்ட காலத்தில், மருத்துவமனைகளின் தரத்தை அளக்க வேண்டும் என்ற அவருடைய பேச்சு உலக நடைமுறையாகிவிட்டது.

நமக்கு என்ன?

துளை சின்னது என்பதால் மட்டும் சிகிச்சை நல்லதாகிவிடாது. துண்டு அதிகமாக நொறுங்கியிருந்தால் திறந்து செய்வதே சரியாக இருக்கலாம். அதனால் தழும்பு எவ்வளவு இருக்கும் என்று கேட்பதற்கு முன், இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஒரு வருஷம் கழித்து கையை எவ்வளவு தூக்குகிறார்கள் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். காட்மேன் வேலையை விட்டது இந்தக் கேள்விக்காகத்தான்.