சிறிய தோட்டா, நெடிய தூரம்

கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படைப் பயிற்சியில் .22 துப்பாக்கியால் நான் முதன்முதலாகச் சுட்ட ஐந்து குண்டுகளும் குறிவட்டத்துக்கு வெளியே, ஆனால் ஒரு நாணயத்தால் மறைத்துவிடும் அளவுக்கு நெருக்கமாக விழுந்திருந்தன. நான் வெட்கப்பட்டேன், பயிற்றுநரான சுபேதாரோ மகிழ்ந்தார். குறி விலகியிருந்தால் திருத்திக்கொள்ளலாம், குண்டுகள் சிதறினால்தான் கவலை என்பது அவர் கணக்கு. 25 மீட்டர் தொலைவில் கற்ற அந்தப் பாடம், அரசுக் கொள்முதல் குறித்த முனைவர் பட்ட ஆய்வின்போது எதிர்பாராத விதமாக மீண்டும் என் முன் வந்தது. நூலகத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் 1967-ஆம் ஆண்டு விசாரணை ஆவணங்களைப் புரட்டிக் கொண்டிருந்தேன். அதில் சாட்சியம் அளித்திருந்தவர்களுள் ஒருவர் யூஜின் ஸ்டோனர்.

இன்று உலகெங்கும் அறியப்படும் ஏஆர்-15 துப்பாக்கியின் மூலவர் அவர். 1922 நவம்பர் 22-இல் இண்டியானா மாநிலத்தின் காஸ்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் லாங் பீச் நகரில் பள்ளிப் படிப்பை முடித்தார். பொறியியல் பட்டம் பெறவில்லை. வேகா விமான நிறுவனத்தில் விமானங்களுக்கு ஆயுதம் பொருத்தும் வேலை. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையின் விமான ஆயுதப் பிரிவு. போருக்குப் பின் விமானப் பாகங்கள் தயாரிக்கும் பட்டறை. உலோகத்தின் எடையைக் குறைத்தே பிழைக்க வேண்டிய துறை விமானத் துறை. அலுமினியக் கலவையையும் செயற்கை இழைப் பொருள்களையும் கண்டு அஞ்சாத மனம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது என்று நினைக்கிறேன்.

1954-இல் ஃபேர்சைல்டு விமான நிறுவனத்தின் பிரிவான ஆர்மலைட்டில் தலைமைப் பொறியாளராகச் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் தொடக்ககாலப் படைப்புகளுள் ஒன்று, விபத்தில் சிக்கும் விமானிகள் சிறு விலங்குகளை வேட்டையாடி உயிர் பிழைப்பதற்கான ஏஆர்-5. அது பயன்படுத்திய .22 ஹார்னெட் தோட்டா, பயிரழிக்கும் சிறு விலங்குகளைச் சுடுவதற்காக அமெரிக்க உழவர்களும் வேட்டைக்காரர்களும் விரும்பி வாங்கிய தோட்டா. பின்னர் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-7, அதே நோக்கத்துக்கான அரைத் தானியங்கி. தன் பாகங்களைத் தன் கட்டைக்குள்ளேயே அடக்கிக்கொண்டு நீரில் மிதக்கக்கூடியது.

இந்த வேட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் 'பிரெய்ரி நாய்' உண்மையில் அணில் இனத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. எழுந்து நின்றால் ஏறத்தாழ ஓரடி உயரம். அகலம் சில அங்குலங்களே. மனிதனை அருகில் அண்டவிடாது. எனவே 200, 300 கஜத் தொலைவிலிருந்து சுட வேண்டும். நல்ல துப்பாக்கி 100 கஜத்தில் ஓர் அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைச் செலுத்தினால், 300 கஜத்தில் அந்த வட்டம் மூன்று அங்குலமாக விரியும். அதற்கு மேல் சிதறினால் வேட்டை இல்லை. அல்லது விலங்கு காயத்தோடு வளைக்குள் போய்ச் சாகும். காற்று வேறு இருக்கிறது. 55 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம் எடையுள்ள குண்டை, மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் மென்காற்று 300 கஜத்தில் முக்கால் அடிக்கும் ஓரடிக்கும் இடைப்பட்ட தூரம் தள்ளிவிடும். வேகம் இதற்கு ஒரு தற்காப்பு. 1950-இல் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் உருவாக்கிய .222 தோட்டா இந்தக் கணக்குக்கு விடையாக வந்து, துல்லியப் போட்டிகளிலும் கோலோச்சியது.

ஆனால், அவை பெரும்பாலும் கையால் இயக்கும் போல்ட் துப்பாக்கிகள். ஒவ்வொரு முறையும் தானே தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்றும் அரைத் தானியங்கியில் அசையும் பாகங்கள் அதிகம். அசைவது துல்லியமாக இராது என்பது அக்காலத்தின் பொது நம்பிக்கை. ஸ்டோனரின் வடிவமைப்பு இதை அசைத்துப் பார்த்தது. முதலில் ஏஆர்-10 துப்பாக்கியில் அவர் செய்தது இது: போல்ட்டின் பற்கள், துப்பாக்கியின் உடலில் அல்லாமல், குழலோடு இணைந்த எஃகு வளையத்திலேயே சுழன்று பூட்டிக்கொள்ளும். எனவே உடலை அலுமினியத்தில் செய்ய முடிந்தது. குழல், போல்ட், தோள்கட்டை மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் சுடும்போது முனை மேலெழும்புவதும் குறைந்தது. 1956-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1960-இல் கிடைத்தது. எடையைக் குறைக்கும் நோக்கத்தோடு செய்த ஏற்பாடு துல்லியத்துக்கும் துணையானது.

1957-இல் ராணுவம் கேட்டது ஆறு ராத்தல் எடைக்குள் ஒரு .22 துப்பாக்கி, 500 கஜத்திலும் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டியிருக்க வேண்டும், எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும். ராபர்ட் ஃப்ரிமான்ட், ஜிம் சல்லிவன் ஆகியோர் ஏஆர்-10-ஐச் சிறிதாக்கினர். வேட்டைக்காரர்களின் .222 தோட்டா அந்தத் தொலைவுக்குப் போதவில்லை என்பதால் அதன் உறையைச் சற்று நீட்டினார் ஸ்டோனர். அதுவே .223, போர்க்களத்தில் 5.56 மி.மீ. நம் திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்ட இன்சாஸ் துப்பாக்கியும் இந்த அளவுத் தோட்டாவையே பயன்படுத்துகிறது.

1959-இல் ஆர்மலைட் தன் உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றது. ஒரு பொருளாதார ஆசிரியனுக்கு ஆர்வமூட்டும் பகுதி இங்கே தொடங்குகிறது. ஸ்டோனரின் துப்பாக்கி தனிப்பொருள் அன்று. குழலின் புரி, குண்டின் எடை, வெடிமருந்தின் எரியும் இயல்பு, வாயு திரும்பும் நேரம் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. ஒவ்வொன்றையும் முடிவு செய்யும் அதிகாரமோ வெவ்வேறு மேசைகளில் இருந்தது.

முதல் மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரி, .222 வேட்டைத் துப்பாக்கிகளின் மரபு. ஆர்க்டிக் குளிரின் அடர்ந்த காற்றில் அந்தச் சுழற்சி குண்டை நிலைநிறுத்தப் போதவில்லை. 1963-இல் அது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றப்பட்டது. இரண்டாவது மாற்றத்தைத்தான் என்னால் இன்றும் சினமின்றிப் படிக்க முடியவில்லை. குண்டின் வேகம் நொடிக்கு 3,250 அடி இருக்க வேண்டும் என்ற விதியைக் கைவிடாத ராணுவம், அதற்காக 1964-இல் வெடிமருந்தையே மாற்றியது. புதிய மருந்து அதிகம் கரி படியச் செய்தது. துப்பாக்கியைத் தாங்கும் அளவைவிட வேகமாக இயங்க வைத்தது. முடிவெடுத்த பிறகே ஸ்டோனரின் கருத்துக் கேட்கப்பட்டது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. வீரர்களுக்குத் துடைக்கும் கருவிகள்கூடப் போதிய அளவில் தரப்படவில்லை. இதற்கிடையே, ஏற்புச் சோதனைகளில் பழைய மருந்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தயாரிப்பாளருக்கு அனுமதி கிடைத்தது. களத்துக்குப் போனதோ புதிய மருந்து. வியத்நாமில் சண்டையின் நடுவே எம்-16 துப்பாக்கிகள் சிக்கி நின்றன. பிரித்துப் போட்ட துப்பாக்கிகளின் அருகே வீரர்கள் இறந்து கிடந்தனர்.

ரிச்சர்டு இகார்டு தலைமையிலான குழு 1967-இல் விசாரித்து, அதிகாரிகளின் அலட்சியம் குற்றத்தின் விளிம்பைத் தொட்டது என்ற அளவுக்குக் கண்டித்தது. கோபத்தைக் காட்டாமல், மருந்தின் மாற்றத்தையும் விளைவையும் தொழில்நுட்ப மொழியில் விளக்கிய ஸ்டோனரின் சாட்சியம்தான் நூலகத்தில் என்னை நிறுத்தி வைத்தது. பின்னர் குரோமியப் பூச்சு வந்தது. மருந்தும் இயக்கமும் சீராக்கப்பட்டன. துப்பாக்கி நம்பத் தக்கதாயிற்று.

அந்தத் தோட்டா புல்வெளிக்கும் திரும்பியது. பொதுமக்களுக்கான அரைத் தானியங்கி ஏஆர்-15-ஐக் கோல்ட் 1964-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. வேட்டைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தனர். மெல்லிய குழல், கைப்பிடி உறையின் அழுத்தம், கடினமான விசை ஆகியவை குண்டுகளைச் சிதறடித்தன. குழலைத் தடிமனாக்கி, உறை அதைத் தொடாதபடி விலக்கி, விசையைத் திருத்திய பிறகு, 100 கஜத்தில் ஓர் அங்குலம் என்பது வியப்புக்குரியதாக இல்லாமல் போயிற்று. 1980-களில் ராணுவம் நீண்ட குண்டுகளுக்காக ஏழு அங்குலப் புரிக்கு மாறியதும், கனமான குண்டுகள் காற்றைப் பொருட்படுத்தாமல் செல்ல வழி பிறந்தது. 1990-களில் கேம்ப் பெர்ரி போட்டிகளில் 600 கஜத் தொலைவிலும் இந்தச் சிறு தோட்டா பழைய பெரிய தோட்டாக்களை ஓரங்கட்டியது.

ஸ்டோனரும் தம் கணக்கை முடிக்காமல் விடவில்லை. 1990-இல் நைட்ஸ் ஆர்மமென்ட் நிறுவனத்தில் சேர்ந்து எஸ்ஆர்-25 என்ற அரைத் தானியங்கியைச் செய்தார். பத்தும் பதினைந்தும் சேர்ந்து இருபத்தைந்து. தோட்டா பெரியது, ஆனால் துல்லியத்தில் போல்ட் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கா வந்த மிகயீல் கலாஷ்னிகோவை அவர் சந்தித்தார். இருவரும் ஒருவர் துப்பாக்கியை மற்றவர் சுட்டுப் பார்த்தனர். ஒருவருக்கு ஒவ்வொரு விற்பனையிலும் உரிமைத்தொகை வந்தது. மற்றவருக்குப் பதக்கங்கள் வந்தன.

1997 ஏப்ரல் 24-இல் ஃபுளோரிடாவில் புற்றுநோயால் ஸ்டோனர் மறைந்தார். அதன்பின் பள்ளிகளிலும் கேளிக்கைக் கூடங்களிலும் ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளால் மனிதர்கள் கொல்லப்பட்டனர். 2016-இல் ஒர்லாண்டோ படுகொலைக்குப் பிறகு அவருடைய குடும்பத்தினர் மௌனம் கலைத்தார்கள். அதைப் போர்வீரர்களுக்காகவே அவர் உருவாக்கினார் என்றும், வேட்டையில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு ஏஆர்-15 ஒன்றைக்கூட வைத்துக்கொண்டதில்லை என்றும் அவர்கள் தெரிவித்தனர்.