ஆலன் பிரெஸ்காட்: ஒடிந்த கையும் ஒடியாத அணியும்

ஒரே நாளின் புகழுக்குள் ஒரு வாழ்வு முழுவதும் அடங்கிவிடுவது விளையாட்டு வரலாற்றில் அவ்வப்போது நிகழ்வதாகும். இங்கிலாந்தின் ரக்பி லீக் வீரர் ஆலன் பிரெஸ்காட்டின் வாழ்வு அத்தகையது. 1958 ஜூலை 5 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வலக்கை எலும்பு முறிந்த பின்னும் களத்தில் நின்று அணியை வெற்றிக்கு அழைத்துச் சென்றவர் என்றே அவர் நினைக்கப்படுகிறார். ஆயினும் அந்த நாளுக்கு முன்னிருந்த ஆண்டுகளை அறிந்தால்தான் அந்த நாளின் பொருள் விளங்கும்.

ரக்பி லீக் வட இங்கிலாந்தின் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த ஆட்டம். சுரங்கத்திலும் ஆலையிலும் பணிபுரிந்தோர், ஆட்டத்திற்காக வேலைக்குச் செல்லாத நாளின் கூலியை ஈடுசெய்து தருமாறு கேட்டனர். ரக்பி சங்கம் அதற்கு இணங்கவில்லை. எனவே 1895 ஆகஸ்டில் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனியே பிரிந்தன. 1906 இல் அணிக்கு 15 பேர் என்றிருந்தது 13 ஆகக் குறைக்கப்பட்டது. அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கும் வழக்கம் மட்டும் நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. ஒருவர் வெளியேறினால் எஞ்சியவர்களே அவருடைய சுமையையும் தாங்கியாக வேண்டும்.

இரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற விட்னஸ் நகரில் 1927 இல் பிறந்தவர் பிரெஸ்காட். ஹாலிஃபாக்ஸ் கழகத்தில் ஆடத் தொடங்கிய அவர், 1949 இல் கண்ணாடித் தொழிலால் வளர்ந்த செயின்ட் ஹெலன்ஸ் நகரின் கழகத்தில் சேர்ந்தார். அங்கே முன்வரிசை ஆட்டக்காரராக நிலைபெற்றார். இரு அணியினரும் தோளோடு தோள் பொருதும் ஸ்க்ரம்மில் முதல் அழுத்தத்தைத் தாங்குவதும், எதிரணியின் தடுப்புக்குள் பந்தோடு பாய்ந்து பின்னால் வருவோருக்கு வழிதிறப்பதும் அவ்விடத்தின் கடமைகள். புள்ளி எடுக்கும் பெருமை பெரும்பாலும் பிறருக்கே போய்ச் சேரும். பருத்த உடலோடு விரைந்தோடும் ஆற்றலும் வாய்த்திருந்த பிரெஸ்காட் அந்த உழைப்பை மனமுவந்து ஏற்றவர்.

செயின்ட் ஹெலன்ஸ் கழகத்திற்குத் தீராத குறை ஒன்றிருந்தது. சேலஞ்ச் கோப்பையின் இறுதியாட்டத்தில் 1897, 1915, 1930, 1953 ஆகிய நான்கு ஆண்டுகளில் அது தோல்வியுற்றிருந்தது. நான்காம் தோல்வியில் பிரெஸ்காட்டும் களத்தில் இருந்தார். 1956 இல் அவரைத் தலைவராகக் கொண்டு வெம்பிளி மைதானத்தில் இறங்கிய அணி, அவருடைய பழைய கழகமாகிய ஹாலிஃபாக்ஸை 13-2 என வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான லான்ஸ் டாட் விருதும் அவருக்கே கிடைத்தது.

1951 முதல் கிரேட் பிரிட்டன் அணிக்காக ஆடிவந்த அவர், 1958 இல் தலைவராக ஆஸ்திரேலியப் பயணம் மேற்கொண்டார். சிட்னியில் நடந்த முதல் டெஸ்டில் அவருடைய அணி 25-8 எனத் தோற்றது. மூன்று டெஸ்டுகள் கொண்ட தொடரில் இரண்டாவதையும் இழந்தால் தொடரே கைநழுவிவிடும்.

பிரிஸ்பேன் ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்திலேயே பிரெஸ்காட்டின் வலது முன்கை முறிந்தது. அவர் வெளியேறவில்லை. சிறிது நேரத்தில் டேவிட் போல்ட்டன் காறை எலும்பு முறிந்து களத்தை விட்டகன்றார். எரிக் ஃப்ரேசருக்கு முழங்கையிலும், ஜிம் சாலினருக்குத் தோளிலும், வின்ஸ் கராலியஸுக்கு முதுகிலும் அடிபட்டது. இடைவேளையின்போது 10-2 என அணி முன்னணியில் இருந்தது. ஆனால் முழு நலத்துடன் நின்றவர்கள் 8 பேரே. மீண்டும் ஆடுவது தகாது என்பதே மருத்துவ அறிவுரை. எனினும் அவர் திரும்பிச் சென்றார். அடிபட்ட மற்றவர்களும் அவரோடு சென்றனர். வலக்கை தொங்க, இடக்கையால் பந்தை வழங்கியும், தோளால் எதிரியை மறித்தும் அவர் ஆடினார். முதுகு நொந்த கராலியஸ், போல்ட்டனின் இடத்திற்கு மாறி இளைஞர் அலெக்ஸ் மர்ஃபிக்குத் துணைநின்றார். முடிவில் 25-18 என கிரேட் பிரிட்டன் வென்றது.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவோரும் இருக்கலாம். முறிந்த எலும்பில் மேலும் ஓர் அடி விழுந்திருந்தால் நிலையான ஊனமே நேர்ந்திருக்கக்கூடும். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் போல்ட்டன் சென்றபின் எஞ்சியவர் 12 பேர். தலைவரும் விலகினால் 11 பேர். ஒரு கையோடு நிற்பவரையும் எதிரணி தடுத்தாக வேண்டும், சுற்றிச் செல்ல வேண்டும். வெற்றிடத்தை எவரும் தடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, வலியோடிருந்த தோழர்களுக்கு அவர் இருப்பே ஓர் ஆணையாயிற்று என்பது. சொல்லால் கேட்டிருந்தால் மறுத்திருக்கக்கூடியதை, அவர் நின்ற நிலையைக் கண்டபின் எவரும் மறுக்கவில்லை. தமக்கென்று சலுகை கேளாதவரே பிறரிடம் பெருமுயற்சியைக் கேட்க உரிமையுடையவர் என்பதற்கு அந்த 77 நிமிடங்கள் சான்றாகும்.

அதற்கான விலையும் சிறிதன்று. சிட்னியில் நடந்த மூன்றாம் டெஸ்டில் அவர் ஆட இயலவில்லை. அவர் இல்லாமலே அணி 40-17 என வென்று தொடரைக் கைப்பற்றியது. அதன்பின் அவர் டெஸ்ட் ஆட்டம் எதிலும் பங்கேற்கவில்லை. பிரிஸ்பேன் ஆட்டமே அவருடைய 28 டெஸ்டுகளில் இறுதியானது. கை குணமானபின் கழகத்திற்காக மீண்டும் ஆடினார். 1959 இல் செயின்ட் ஹெலன்ஸ் ஹன்ஸ்லெட் அணியை 44-22 என வென்று சாம்பியன் பட்டம் பெற்றபோது அவர் களத்தில் இருந்தார். பின்னர் அக்கழகத்தின் பயிற்சியாளராகி, 1961 இல் விகன் அணியை வென்ற சேலஞ்ச் கோப்பை வெற்றிக்கும் வழிகாட்டினார்.

1964 இல் பிரிட்டிஷ் ரக்பி லீக் மாற்று ஆட்டக்காரர்களை ஏற்றுக்கொண்டது. இடைவேளைக்கு முன் அடிபட்டவருக்குப் பதிலாக மட்டுமே அப்போது ஒருவரை இறக்க முடிந்தது. பிரிஸ்பேனில் அந்த விதி இருந்திருந்தால் பிரெஸ்காட் இடைவேளைக்குப்பின் களத்திற்கு வந்திருக்க வேண்டிய தேவையே எழுந்திராது. ஒரு மனிதரின் உடலைப் பணயம் வைத்தே அணி காப்பாற்றப்பட வேண்டும் என்ற நிலை மறைந்தது நல்லதே. 1998 இல் அவர் காலமானார். அவர் செய்ததை இனி எவரும் செய்ய வேண்டியதில்லை. அதனால் அவர் செய்தது சிறிதாகிவிடவும் இல்லை.